விசாரணைக்கு முன்னே ஒரு அப்பீல்: போலீஸ் இம்யூனிட்டி தீர்ப்புகளைச் சேர்த்து வாசித்தபோது

அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்களில் அப்பீல் போவதற்கு அடிப்படை விதி ஒன்றுதான்: வழக்கு முழுசாக முடியட்டும், அப்புறம் வா. நடுவில் மாவட்ட நீதிபதி போடுகிற உத்தரவு எவ்வளவு தப்பாக இருந்தாலும் கடைசித் தீர்ப்பு வரும்வரை பொறுத்திருந்து, எல்லாக் குறைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி மேலே எடுத்துப் போக வேண்டும். சட்டத்தில் (தலைப்பு 28, பிரிவு 1291) இருப்பது "இறுதி முடிவுகள்" என்ற சொல்தான். 1949இல் கோஹன் வழக்கில் ஒரு சின்ன வாசலைத் திறந்து வைத்தார்கள். முக்கிய வழக்கிலிருந்து தனியாகப் பிரித்தெடுக்கக்கூடிய, கடைசிவரை காத்திருந்தால் பயனற்றுப் போகக்கூடிய சில உத்தரவுகளுக்கு மட்டும் உடனே அப்பீல் உண்டு என்றார்கள்.

அந்த வாசல் வழியாக இன்று அடிக்கடி போகிறவர்கள் போலீஸ்காரர்கள். நஷ்டஈட்டு வழக்கில் "எனக்கு இம்யூனிட்டி உண்டு, வழக்கைத் தள்ளுபடி செய்யுங்கள்" என்று கேட்டு, மாவட்ட நீதிபதி மறுத்தால், அவர்கள் கடைசிவரை காத்திருக்க வேண்டியதில்லை. மறுநாளே மேலே போகலாம்.

இந்த அப்பீல் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைச் சில மாதங்களாக வரிசையாக வாசித்தேன். 1985, 1995, 1996, 2007, 2014. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. சேர்த்து வாசித்தால்தான் ஒரு விஷயம் உறுத்துகிறது. 1995இல் நீதிமன்றம் ஒரு எல்லைக்கோடு போட்டது. 2007இல் அந்தக் கோட்டைத் தாண்டியது, தாண்டியதாகச் சொல்லவில்லை. 2014இல் அந்த மௌனத்தையே ஆதாரமாகக் காட்டியது. மூன்றாவது படிதான் எனக்கு ஜீரணமாகவில்லை. இந்தக் குறிப்பு அதைப் பற்றியதுதான்.

முதலில் இம்யூனிட்டி என்றால் என்ன என்று சுருக்கமாக. 1871இல், உள்நாட்டுப் போருக்குப் பிறகு, தெற்கு மாநிலங்களில் கு க்ளக்ஸ் க்ளான் நடத்திய வன்முறையைச் சமாளிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. அரசு அதிகாரத்தின் பேரில் ஒருவர் உன் அரசியலமைப்பு உரிமையை மீறினால், அவர் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போடலாம். இன்று அதைப் பிரிவு 1983 என்கிறார்கள். அந்தப் பிரிவில் அதிகாரிகளுக்கு இம்யூனிட்டி தருவது பற்றி எதுவுமே கிடையாது. 1967இல் பியர்சன் எதிர் ரே வழக்கில், நல்லெண்ணத்தோடு கைது செய்த போலீஸ்காரருக்கு ஒரு தற்காப்பு உண்டு என்று நீதிமன்றமே சேர்த்துக்கொண்டது. 1982இல் ஹார்லோ எதிர் ஃபிட்ஸ்ஜெரால்ட் வழக்கில் நல்லெண்ணம், கெட்ட எண்ணம் எல்லாம் போய், வேறொரு அளவுகோல் வந்தது: அதிகாரி மீறியது அந்த நேரத்தில் தெளிவாக நிலைநாட்டப்பட்ட உரிமையா? இல்லையென்றால் அவர் நஷ்டஈடு கட்ட வேண்டாம். இதுதான் குவாலிஃபைட் இம்யூனிட்டி. நம்மூரில் அரசு ஊழியர்மேல் கிரிமினல் வழக்குக்கு முன் அனுமதி வாங்கும் ஏற்பாட்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது முழுக்க சிவில் வழக்கு, பணம் சம்பந்தப்பட்டது.

ஹார்லோவில் பிரதிவாதிகள் நிக்சனின் வெள்ளை மாளிகை உதவியாளர்கள் என்பதைக் கவனிக்கணும். அடுத்து வந்த மிட்செல் எதிர் ஃபோர்ஸித் (1985) வழக்கிலும் பிரதிவாதி ரோந்து போலீஸ்காரர் இல்லை. நிக்சனின் அட்டர்னி ஜெனரல் ஜான் மிட்செல்.

இந்த வழக்கின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. 1970இல் வாரண்ட் இல்லாமல் ஒருவருடைய தொலைபேசியை ஒட்டுக்கேட்க மிட்செல் அனுமதி கொடுத்தார். அந்த ஒருவர் ஹேவர்ஃபோர்ட் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் வில்லியம் டேவிடன். ஆப்டிமைசேஷன் நிரல் எழுதியவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும். ஆமாம், டேவிடன்-ஃப்ளெட்சர்-பவல் முறையில் வருகிற அதே டேவிடன்தான். 1959இல் ஆர்கான் ஆய்வகத்தில் எழுதிய அந்த அறிக்கை ஒரு சஞ்சிகையில் முறையாக அச்சேறியது 1991இல். அவர் போருக்கு எதிரான இயக்கத்திலும் இருந்தார். வாஷிங்டனில் அரசுக் கட்டடங்களின் சுரங்கப் பாதைகளைத் தகர்க்கவும் கிஸ்ஸிங்கரைக் கடத்தவும் ஒரு குழு திட்டமிடுகிறது என்று அரசு சந்தேகப்பட்டது. டேவிடன் வீட்டு ஃபோனில் கீத் ஃபோர்ஸித் என்ற இளைஞரின் மூன்று உரையாடல்கள் பதிவாயின. 1971 ஜனவரி 6ஆம் தேதி ஒட்டுக்கேட்பை நிறுத்தினார்கள்.

நிறுத்திய இரண்டே மாதத்தில், மார்ச் 8ஆம் தேதி இரவு, பென்சில்வேனியாவின் மீடியா என்ற ஊரில் இருந்த எஃப்.பி.ஐ. கிளை அலுவலகத்துக்குள் ஒரு குழு புகுந்து, கோப்புகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போனது. எஃப்.பி.ஐ. தன் சொந்தக் குடிமக்களை எப்படி வேவு பார்த்தது என்பது அந்தக் கோப்புகளால்தான் வெளியே வந்தது. யார் செய்தது என்று 2014 வரை தெரியாது. திட்டம் போட்டவர் டேவிடன். பூட்டைத் திறந்தவர் ஃபோர்ஸித்! 1985இல் தீர்ப்பு எழுதிய நீதிபதிகளுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. வழக்கின் சட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

தன் பேச்சு பதிவானதை 1972இல் அறிந்து ஃபோர்ஸித் வழக்குப் போட்டார். இம்யூனிட்டி கிடையாது என்று கீழ் நீதிமன்றம் சொன்னதும் மிட்செல் உடனே அப்பீல் போனார். போகலாமா என்பதுதான் கேள்வி. போகலாம் என்றார் நீதிபதி வொயிட். அவருடைய வாதம்: இம்யூனிட்டி என்பது பணம் கட்டுவதிலிருந்து மட்டும் விடுதலை இல்லை, வழக்கு விசாரணையைச் சந்திப்பதிலிருந்தே விடுதலை. விசாரணை நடந்து முடிந்துவிட்டால் அந்த உரிமை போனது போனதுதான், திரும்பி வராது. அதனால் இப்போதே அப்பீல்.

வாதம் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் அஸ்திவாரத்தைப் பாருங்கள். விசாரணையையே சந்திக்க வேண்டாம் என்ற உரிமை எங்கிருந்து வந்தது? சட்டத்தில் இல்லை. ஹார்லோ தீர்ப்பு, வழக்குச் சுமையிலிருந்து அதிகாரிகளைக் காப்பது நல்லது என்று சொன்னதிலிருந்து வந்தது. நல்லது என்று சொன்னதை உரிமை என்று பெயர் மாற்றி, அந்த உரிமையைக் காக்க அப்பீல் வேண்டும் என்கிறார்கள். பிரென்னன் இந்த இடத்தில் மாறுபட்டு எழுதினார், மார்ஷலும் அவரோடு சேர்ந்தார். இம்யூனிட்டிக் கேள்வி வழக்கின் உள்விஷயத்தோடு பின்னிப் பிணைந்தது, அதைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். பின்னால் நடந்ததைப் பார்த்தால் அவர் கவலைப்பட்டது சரியான இடத்தைப் பற்றித்தான். கடைசியில் மிட்செலுக்கு இம்யூனிட்டியும் கிடைத்தது. அப்படிப்பட்ட ஒட்டுக்கேட்பு தப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1972இல்தான், 1970இல் சட்டம் தெளிவாக இல்லை என்று.

நாட்டின் பாதுகாப்பு பற்றி முடிவெடுக்கிற அமைச்சர் நிலை ஆளுக்காகத் தைத்த சட்டையை, தெருவில் ஒருவரைக் கைது செய்கிற போலீஸ்காரருக்கும் அப்படியே போட்டுவிட்டது எப்படிப் பொருந்தும்? மிட்செல் வழக்கில் என்ன நடந்தது என்பதில் தகராறே இல்லை. ஒட்டுக்கேட்டார்கள், மிட்செல் அனுமதி கொடுத்தார், அவ்வளவுதான். கேள்வி முழுக்கச் சட்டம் பற்றியது. போலீஸ் அடி வழக்கு அப்படி இருப்பது அபூர்வம். அங்கே என்ன நடந்தது என்பதுதான் சண்டையே.

இங்கேதான் ஜான்சன் எதிர் ஜோன்ஸ் (1995) வருகிறது. இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு. இல்லினாய்ஸில் ஒரு சர்க்கரை நோயாளி இன்சுலின் காரணமாக வலிப்பு வந்து தெருவில் கிடந்தார். குடிபோதை என்று நினைத்து போலீஸ் கைது செய்து ஸ்டேஷனுக்குக் கொண்டு போனது. அவருக்கு நினைவு திரும்பியபோது ஆஸ்பத்திரியில் இருந்தார், பல விலா எலும்புகள் உடைந்திருந்தன. ஐந்து அதிகாரிகள் மேல் வழக்குப் போட்டார். அதில் மூன்று பேர் சொன்னது: நாங்கள் அடிக்கவில்லை, அடிப்பதைப் பார்க்கவும் இல்லை, எங்களுக்கு எதிராக ஆதாரமே இல்லை. கைதின்போது அங்கே இருந்தோம், ஸ்டேஷனில் அந்த அறையிலோ பக்கத்திலோ இருந்தோம் என்பதை ஒத்துக்கொண்டார்கள். அது ஜூரி முன்னால் போகப் போதுமான ஆதாரம்தான் என்று மாவட்ட நீதிபதி விட்டுவிட்டார். மூவரும் இம்யூனிட்டி அப்பீல் என்று மேலே போனார்கள்.

முடியாது என்றார் நீதிபதி ப்ரெயர், ஒன்பது பேரும் ஒரே குரலில். "இவர்கள் அடித்தார்களா" என்பது என்ன நடந்தது பற்றிய கேள்வி. அதற்குப் போதுமான ஆதாரம் இருக்கிறதா என்று மாவட்ட நீதிபதி எடுத்த முடிவை நடுவழியில் அப்பீல் செய்ய முடியாது. "இப்படி அடித்தது அன்றைய சட்டப்படி தெளிவாகத் தப்பா" என்பது சட்டக் கேள்வி, அதை மட்டும் கேட்கலாம். ப்ரெயர் கொடுத்த காரணங்கள் நடைமுறைக்கு நெருக்கமானவை. ஆதாரம் போதுமா என்று எடைபோடுவது மாவட்ட நீதிபதிகள் தினமும் செய்கிற வேலை, மேல்நீதிமன்றத்துக்கு அதில் தனித் திறமை எதுவும் கிடையாது. அந்தக் கேள்வி வழக்கின் உள்விஷயத்திலிருந்து பிரியாது. இப்போது ஒரு தடவை கட்டு முழுசும் புரட்டி, விசாரணை முடிந்ததும் திரும்ப ஒரு தடவை அதே கட்டைப் புரட்டுவது வீண். எல்லாவற்றுக்கும் மேல், தாமதம்.

தாமதம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். நடைமுறையில் அது என்ன என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். அப்பீல் மனு போட்டதுமே, அந்தக் கேள்வி சம்பந்தமாக மாவட்ட நீதிமன்றத்தின் அதிகாரம் பொதுவாக நின்றுவிடும், விசாரணைத் தேதி காணாமல் போகும். சாட்சிகளுக்கு வயசாகும், ஞாபகம் மங்கும். கமிஷன் அடிப்படையில் வழக்கு நடத்துகிற வக்கீலுக்கு இன்னும் சில வருஷம் கைக்காசு. ஃபோர்ஸித் போட்ட வழக்கைப் போலப் பதின்மூன்று வருஷம் எல்லாருக்கும் தாங்காது. ஜெயிக்க முடியாத அப்பீலுக்குக்கூட இந்தப் பயன் பிரதிவாதிக்கு உண்டு. 1996இல் பெஹ்ரென்ஸ் எதிர் பெல்லட்டியர் தீர்ப்பு இதை இரட்டிப்பாக்கியது. வழக்கின் தொடக்கத்தில் ஒரு அப்பீல், ஆதாரங்கள் சேர்ந்த பிறகு இன்னொன்று, இரண்டும் போகலாம் என்றார் ஸ்காலியா. ஒரு வழக்குக்கு ஒன்று போதும் என்று எதிர்த்து எழுதியவர் ப்ரெயர்தான்.

சரி, 2007க்கு வருவோம். ஸ்காட் எதிர் ஹாரிஸ். ஜார்ஜியாவில் 2001 மார்ச்சில், மணிக்கு 55 மைல் எல்லையுள்ள சாலையில் 73 மைலில் போன 19 வயதுப் பையன், போலீஸ் நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் ஓட்டினான். துரத்தல் ஆறு நிமிஷம், கிட்டத்தட்ட பத்து மைல். கடைசியில் ஒரு டெபுடி தன் வண்டியின் முன்பம்பரால் பின்னாலிருந்து இடித்தார். கார் சாலையை விட்டு இறங்கிக் கவிழ்ந்தது. பையனுக்குக் கழுத்துக்குக் கீழே கை கால் எதுவும் செயல்படாமல் போனது. இம்யூனிட்டி மறுக்கப்பட்டது, டெபுடி நடுவழி அப்பீல் போனார், மேல்முறையீட்டு நீதிமன்றமும் மறுத்தது. சாலை பெரும்பாலும் காலியாக இருந்தது, வண்டி பையனின் கட்டுப்பாட்டில்தான் இருந்தது, மற்றவர்களுக்குப் பெரிய ஆபத்து இல்லை என்ற அவன் தரப்புக் கதையை ஒரு ஜூரி நம்பலாம் என்றது.

உச்ச நீதிமன்றத்தில் எட்டு பேர் போலீஸ் வண்டியின் வீடியோவைப் பார்த்தார்கள். ஸ்காலியா எழுதிய தீர்ப்பு அந்தத் துரத்தலை ஹாலிவுட் படத்துக்கு ஒப்பிடுகிறது. வீடியோ பையனின் கதையை அப்பட்டமாகப் பொய்யாக்குகிறது, நியாயமான எந்த ஜூரியும் அவனை நம்ப முடியாது, ஆகவே அவன் தரப்பை நாங்கள் ஏற்க வேண்டியதில்லை என்கிறது. வீடியோவை நீதிமன்றத்தின் வலைத்தளத்திலேயே போட்டார்கள். நானும் பார்த்தேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது இரவு நேரத்து இரட்டை வழிச் சாலை, எதிரே வருகிற விளக்குகள் வேகத்தைப் பெரிதாகக் காட்டுகின்றன, மற்ற வண்டிகள் ஓரம் ஒதுங்குவது சைரனுக்காகவும் இருக்கலாம். தனி ஆளாக எதிர்த்த ஸ்டீவன்ஸ் சொன்னதும் ஏறத்தாழ இதுதான். மற்றவர்கள் அகலமான நெடுஞ்சாலைக் காலத்தில் வண்டி ஓட்டக் கற்றவர்கள், இரட்டை வழிச் சாலையில் முந்திப் போவது அவர்களுக்குப் பழக்கமில்லை போலும் என்று ஒரு குத்தும் வைத்தார். ஜார்ஜியா சாலைகளைப் பற்றி நம்மைவிட நன்றாகத் தெரிந்த கீழ் நீதிபதிகள் வேறு முடிவுக்கு வந்திருக்கும்போது, நியாயமான யாரும் அப்படி நினைக்க முடியாது என்று எட்டு பேர் எப்படிச் சொல்லலாம் என்ற அவருடைய கேள்விக்குத் தீர்ப்பில் பதில் தேடினேன். திருப்தியான பதில் இல்லை.

2009இல் கஹான், ஹாஃப்மன், பிரேமன் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதே வீடியோவை 1,350 பேருக்குப் போட்டுக் காட்டி, முடிவை ஹார்வர்ட் லா ரிவ்யூவில் எழுதினார்கள். பெரும்பாலானவர்கள் நீதிமன்றத்தின் பக்கம்தான். ஆனால் யார் பார்க்கிறார் என்பதைப் பொறுத்துப் பார்வை மாறியது. கறுப்பினத்தவர், குறைந்த வருமானக்காரர், இன்னும் சில பிரிவினரிடம் பையன் பக்கம் சாய்வு கூடுதலாக இருந்தது. அவர்களை எல்லாம் நியாயமற்றவர்கள் என்று தள்ளிவிட முடியாது என்பது ஆய்வாளர்களின் வாதம். ஜூரி என்ற அமைப்பே இந்தப் பல கண்கள் ஒரே அறையில் உட்காரத்தானே?

வீடியோ பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் கவலைப்படுவது அதற்கு ஒரு படி முன்னால் இருக்கிற விஷயத்தைப் பற்றி. இது நடுவழி அப்பீல். ஜான்சன் விதிப்படி, எது நடந்தது என்பதற்குப் போதுமான ஆதாரம் இருக்கிறதா என்ற கேள்வியை இந்தக் கட்டத்தில் மேல்நீதிமன்றம் தொடக்கூடாது. "வண்டி கட்டுப்பாட்டில் இருந்தது, ஆபத்து இல்லை என்று ஜூரி நம்பலாம்" என்ற முடிவு அப்படிப்பட்ட முடிவுதான். ஸ்காலியா அதைப் புரட்டிப் போட்டார். ஜான்சன் தடுக்கிறதா இல்லையா என்று தீர்ப்பு எங்கேயும் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஒரு பத்திகூட இல்லீங்க! ஜான்சனை எழுதிய ப்ரெயரும் அந்த எட்டு பேரில் ஒருவர். வீடியோவைப் பார்த்தது தன் கருத்தை மாற்றியது, வாசகர்களும் பாருங்கள் என்று தனியாக எழுதிச் சேர்த்தார். தன் விதியைப் பற்றி அவரும் வாய் திறக்கவில்லை.

விளைவு? கீழே இருக்கிற மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கு இரண்டு விதிகள் கையில் இருந்தன. உண்மைகளைத் தொடாதே என்பது ஒன்று, அப்பட்டமாகப் பொய்யானால் தொடலாம் என்பது இன்னொன்று. இரண்டாவது எப்போது, எவ்வளவு தூரம்? இதில் நடக்கும் குழப்பத்தைப் பற்றி பிரையன் லாமன் என்ற சட்டப் பேராசிரியர் 2021இல் நீளமாக எழுதியிருக்கிறார். பழைய ஃபங்ஷன் ஒன்றின் நடத்தையை மாற்றிவிட்டு, மேலே இருக்கிற குறிப்பை மாற்றாமல் விட்டால், அதை நம்பி அழைக்கிற ஒவ்வொருவரும் வேறு வேறு மாதிரி சிக்கிக்கொள்வார்கள். எங்கள் தொழிலில் அதைச் செய்தால் ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அடுத்தது 2014. ப்ளம்ஹாஃப் எதிர் ரிக்கார்ட். 2004 ஜூலையில் ஆர்கன்சாஸின் வெஸ்ட் மெம்ஃபிஸில், ஒரு முன்விளக்கு எரியாததற்காக ஒரு காரை நிறுத்தினார்கள். அது பறந்தது. மணிக்கு 100 மைலுக்கு மேல் துரத்தல், டென்னஸியின் மெம்ஃபிஸில் முடிந்தது. கார் போலீஸ் வண்டியோடு மோதி நிற்கப்போன நிலையில், சக்கரம் மட்டும் சுழன்றுகொண்டிருக்க, மூன்று குண்டு. பின்னால் எடுத்துத் திரும்பி ஓடப் பார்த்தபோது இன்னும் பன்னிரண்டு. ஓட்டியவரும் பக்கத்தில் இருந்தவரும் இறந்தார்கள். ஓட்டியவரின் மகள் வழக்குப் போட்டார். இம்யூனிட்டி மறுக்கப்பட்டு, அப்பீல் மேல் அப்பீலாகப் போய், பத்தாவது வருஷம் உச்ச நீதிமன்றத்தில் அதிகாரிகள் ஜெயித்தார்கள். ஜூரி முன்னால் அந்த வழக்கு ஒரு நாளும் போகவில்லை.

எழுதியவர் அலிட்டோ. அவர் ஜான்சனை ஒதுக்கவில்லை, நேராகவே எடுத்துப் பேசுகிறார். அங்கே அதிகாரிகள் "நாங்கள் செய்யவில்லை" என்றார்கள், இங்கே "செய்தோம், அது சட்டப்படி தப்பில்லை" என்கிறார்கள், இது சட்டக் கேள்வி என்கிறார். நியாயமாகச் சொன்னால் இந்தப் பிரிவினை எனக்கு ஏற்புடையதுதான். குண்டு சுட்டதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கார் நிற்கப்போன அந்தச் சில நொடிகளில், ஓட்டியவர் மறுபடி ஓடத்தான் நினைத்தார் என்பதைத் தவிர நியாயமான போலீஸ்காரர் வேறு எதுவும் நினைத்திருக்க முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அது சட்டமா? நடந்ததிலிருந்து ஒருவர் செய்துகொள்கிற ஊகம். ஊகத்தை எடைபோடுவதுதானே ஜூரியின் வேலை.

அதைவிட முக்கியமானது அதிகார வரம்பு பற்றிய பத்தியில் அவர் வைத்த இன்னொரு ஆதாரம். இந்த உத்தரவுக்கும் ஸ்காட் வழக்கின் உத்தரவுக்கும் வித்தியாசம் இல்லை, அந்த வழக்கில் அப்பீல் செல்லுமா என்பதில் நாங்கள் சந்தேகம் எதுவும் தெரிவிக்கவில்லை என்கிறார். அதாவது 2007இல் யாரும் கேட்காத கேள்விக்கு, கேட்காததையே பதிலாக எடுத்துக்கொள்கிறார். அதிகார வரம்பு பற்றிப் பேசாமல் கடந்து போன தீர்ப்பு, அந்த விஷயத்தில் முன்னுதாரணம் ஆகாது என்பது இந்த நீதிமன்றத்தின் பழைய விதி. 1998இல் ஸ்டீல் கம்பெனி வழக்கில் அதை மிகக் காரசாரமாகச் சொன்னவர் யார் தெரியுமா? ஸ்காலியா. ஸ்காட் தீர்ப்பை எழுதிய அதே ஸ்காலியா. 2014இல் அலிட்டோவோடு சேர்ந்தவர்களில் அவரும் உண்டு.

இதே நீதிமன்றம், அதற்கு மூன்று வாரம் முன்னால் (மே 5, ப்ளம்ஹாஃப் மே 27) டோலன் எதிர் காட்டன் வழக்கில் நேர் எதிர்த் தொனியில் பேசியது. அது நடுவழி அப்பீல் இல்லை. அங்கே அதிகாரிக்கு இம்யூனிட்டி கிடைத்து வழக்கு முடிந்துபோக, சுடப்பட்டவர் அப்பீல் போனார். ஆனால் உண்மைகளை யார் தரப்பிலிருந்து பார்ப்பது என்ற கேள்வி அதேதான். 2008 டிசம்பர் 31, டெக்சஸின் பெல்லேர். ஒரு போலீஸ்காரர் வண்டி எண்ணை ரோந்துக் காரின் கணினியில் தட்டும்போது 6க்குப் பதில் 5 தட்டிவிட்டார். அந்த எண் திருட்டு வண்டியோடு பொருந்திப்போய், மற்ற ரோந்து வண்டிகளுக்கும் தானாகவே செய்தி போனது. ஒரே ஒரு எழுத்து. வண்டி அந்தக் குடும்பத்தினுடையது. ஆயுதம் எதுவும் இல்லாத மகன் தன் பெற்றோர் வீட்டு வாசலில் சுடப்பட்டார். வெளிச்சம் எவ்வளவு இருந்தது, அவர் மண்டியிட்டிருந்தாரா எழுந்து நின்றாரா, அம்மா அமைதியாக இருந்தாரா இல்லையா, அவர் கத்தியது மிரட்டலா என்று நாலு விஷயத்தில் இரண்டு தரப்பு சாட்சியம் இருந்தது. நாலிலும் போலீஸ் தரப்பை எடுத்துக்கொண்டது தப்பு என்று உச்ச நீதிமன்றம் கீழ்த் தீர்ப்பை ரத்து செய்தது. வீடியோ இல்லாத வழக்கில் விதி வேலை செய்கிறது. வீடியோ இருந்தால் நீதிபதிகளே ஜூரி ஆகிவிடுகிறார்கள் என்று சொன்னால் ரொம்ப அநியாயமாக இருக்காது என்று நினைக்கிறேன். இன்று பல போலீஸ்காரர்கள் சட்டையில் கேமரா.

அதிகாரிகள் பக்கத்து நியாயத்தையும் பார்க்கணும். சட்டம் உண்மையிலேயே தெளிவாக இல்லாத இடத்தில், ஒரு தனிமனிதரை வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைய விடுவது சரியில்லை. அந்தக் கேள்வியை முதலிலேயே தீர்த்துவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. ஆனால் ஏற்பாடு இந்த நோக்கத்தை நிறைவேற்றுகிறதா? ஜோவானா ஷ்வார்ட்ஸ் 2017இல் ஐந்து ஃபெடரல் மாவட்டங்களின் 1,183 வழக்குகளைப் பார்த்தார். இம்யூனிட்டியைக் கிளப்பக்கூடிய வழக்குகள் 979. அதனால் தள்ளுபடியானவை 38. விசாரணையிலிருந்து காப்பதுதான் நோக்கமென்றால் இது மோசமான கருவி. அவருடைய இன்னொரு ஆய்வில், பாதிக்கப்பட்டவர்களுக்குப் போய்ச் சேர்ந்த பணத்தில் போலீஸ்காரர்கள் சொந்தக் கையிலிருந்து கட்டியது 0.02 சதவீதம். மீதியை நகராட்சியோ அரசோதான் கட்டியது. அப்படியானால் நடுவழி அப்பீல் நடைமுறையில் மிச்சப்படுத்திக் கொடுப்பது பெரும்பாலும் நகராட்சிக்கு, அதுவும் காலத்தை.

சீர்திருத்தம் என்றாலே இம்யூனிட்டியையே ஒழிக்கணும் என்று பேசுகிறார்கள். அது பெரிய சண்டை. அப்பீலை மட்டும் சரிசெய்ய அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1989இல் அபாஸ்டல் எதிர் கேலியன் வழக்கில் ஒரு வழி சொன்னது: அப்பீல் வெறும் இழுத்தடிப்பு என்று மாவட்ட நீதிபதி எழுதி வைத்தால், அப்பீல் அதுபாட்டுக்கு மேலே நடக்க, விசாரணை கீழே தொடரலாம். இதைப் பயன்படுத்த நீதிபதிக்குத் துணிச்சல் வேண்டும். விசாரணையைத் தொடங்கிய பிறகு மேலே புரட்டிவிட்டால்? அந்தப் பயம் புரிந்துகொள்ளக்கூடியது.

அதைவிட எளிய வழி ஜான்சன் தீர்ப்பிலேயே ஒளிந்திருக்கிறது. கடைசிப் பகுதியில் ப்ரெயர் ஒரு சங்கடத்தை ஒத்துக்கொள்கிறார். மாவட்ட நீதிபதி எந்த உண்மைகளை வைத்துக்கொண்டு இம்யூனிட்டியை மறுத்தார் என்று எழுதாமல் விட்டால், அவர் எதையெல்லாம் ஏற்றிருப்பார் என்று கண்டுபிடிக்க மேல்நீதிமன்றம் கட்டு முழுசும் புரட்ட வேண்டிவரும். புரட்ட ஆரம்பித்துவிட்டால், புரட்டுகிறவருக்குத் தன் சொந்தக் கருத்து வருவதைத் தடுக்க முடியாது. ஆகவே மறுக்கிற நீதிபதி, ஜூரி எதையெல்லாம் நம்பலாம் என்று எண் போட்டு ஒரு பக்கம் எழுதட்டும். அப்பீல் போகிற அதிகாரியின் வக்கீல், இந்த அப்பீலுக்காக மட்டும் அந்தப் பக்கத்தை அப்படியே ஏற்கிறோம் என்று கையெழுத்துப் போடட்டும். மூன்றாவது எண்ணை ஏற்க முடியாது, வீடியோவைப் பாருங்கள் என்று எழுதினால் அப்பீல் அங்கேயே தள்ளுபடி. இல்லினாய்ஸ் அதிகாரிகள் மூவராலும் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது. ப்ளம்ஹாஃப் அதிகாரிகளால் போட்டிருக்க முடியும், கார் நிற்கப்போன அந்தச் சில நொடிகளைப் பற்றிய வரியை மட்டும் அவர்கள் வக்கீல் இரண்டு தடவை படித்திருப்பார்.